மீனவர் மகன் பக்கத்தில் உட்கார்ந்த விஞ்ஞானி



ஆண்டு மலருக்கு ஒரு விஞ்ஞானியின் வாழ்க்கை வரலாறு எழுதிக் கொடு என்று சங்கச் செயலாளர் அண்ணன் கேட்டபோது எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. எங்க வீட்டில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அப்பா காசிமேட்டில் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். அம்மா கூடையில் மீன் விற்கிறவர். நான் மூன்றாம் ஆண்டு எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன் படிக்கிறேன்.

போஸைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும், நேதாஜியா என்று அப்பா கேட்டார். இல்லப்பா, இவர் வயர்லெஸ் போஸ் என்றேன். அப்பாவுக்கு வயர்லெஸ் என்றால் படகில் இருக்கும் வாக்கி டாக்கி செட்டுதான். அந்த செட்டுக்கெல்லாம் ஆதியில் வழி போட்டவர்களில் ஒருவர் என்று சொன்னதும், அப்படின்னா நல்லா எழுது என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டார். அதனால் எழுதுகிறேன்.

பிறப்பும் பள்ளியும்

ஜெகதீஷ் சந்திர போஸ் 1858 நவம்பர் 30 அன்று, இன்று வங்காளதேசத்தில் இருக்கும் மைமன்சிங்கில் பிறந்தார். நம்ம ராயபுரம் ரயில் நிலையம் 1856-ல் திறக்கப்பட்டது. அந்த ஸ்டேஷனை விட இவர் இரண்டு வயது இளையவர் என்று ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்.

அப்பா பகவான் சந்திர போஸ் அரசாங்க அதிகாரி. அந்தக் காலத்தில் அதிகாரி வீட்டுப் பிள்ளை இங்கிலீஷ் ஸ்கூலுக்குப் போவதுதான் கௌரவம். ஆனால் இவர் மகனை வங்காள மொழிப் பள்ளியில் சேர்த்தார். முதலில் தாய்மொழி தெரியணும், சொந்த மக்களைத் தெரியணும், இங்கிலீஷ் அப்புறம் வரட்டும் என்பது அவர் எண்ணம். அந்தப் பள்ளியில் போஸுக்கு ஒரு பக்கம் அவர் அப்பாவிடம் வேலை பார்த்த முஸ்லிம் பணியாளரின் மகன். இன்னொரு பக்கம் ஒரு மீனவரின் மகன்! அந்தப் பையன்கள் சொன்ன பறவை, மிருகம், நீர்வாழ் உயிர்கள் பற்றிய கதைகளைக் கேட்டுத்தான் இயற்கையை ஆராயும் ஆசை தனக்கு வந்தது என்று போஸ் பெரியவரான பிறகு நினைவுகூர்ந்தார். பள்ளி விட்டு அந்தப் பிள்ளைகளோடு வீட்டுக்கு வந்தால், அவர் அம்மா வேற்றுமை பார்க்காமல் எல்லோருக்கும் சாப்பாடு போடுவாராம்.

நண்பர்களே, இந்த இடத்தைப் படித்ததும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். முதல் செமஸ்டரில் எனக்கு இரண்டு பேப்பர் அரியர். தமிழ் மீடியத்தில் இருந்து வந்த எனக்கு கிளாஸில் சொல்வது பாதி புரியாது. பக்கத்தில் உட்கார்ந்தவளிடம் கேட்கவும் கூச்சம். அம்மா கூடையோடு வாசலில் வந்து நின்றால் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று நினைத்த நாட்களும் உண்டு. அதை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் உண்மை அதுதான்.

போஸ் பிறகு கல்கத்தாவில் ஹேர் பள்ளியிலும் புனித சேவியர் கல்லூரியிலும் படித்தார். அங்கே அருட்தந்தை லாஃபோன் என்ற பேராசிரியர் சோதனைகள் செய்து காட்டி இயற்பியலில் பிடிப்பு உண்டாக்கினார். 1880-ல் மருத்துவம் படிக்க லண்டன் போனார். உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை. படிப்பை விட்டுவிட்டு ஊர் திரும்பாமல், கேம்பிரிட்ஜில் அறிவியல் சேர்ந்து 1884-ல் பட்டம் பெற்றார். அங்கே அவருக்குப் பாடம் எடுத்தவர் புகழ்பெற்ற ராலே பிரபு.

சம்பளம் வாங்காத மூன்று ஆண்டுகள்

1885-ல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் பேராசிரியர் வேலை கிடைத்தது. வெள்ளைக்காரப் பேராசிரியருக்கு ஒரு சம்பளம், இந்தியருக்கு அதில் மூன்றில் இரண்டு பங்கு. போஸின் வேலை தற்காலிகம் என்பதால் அதிலும் பாதி. அதாவது அதே வேலைக்கு மூன்றில் ஒரு பங்கு! போஸ் வேலையை விடவில்லை, சண்டையும் போடவில்லை. தினமும் போய் ஒழுங்காகப் பாடம் நடத்தினார். சம்பளத்தை மட்டும் தொடவில்லை. இப்படியே மூன்று ஆண்டுகள். கடைசியில் அரசு இறங்கி வந்து, முழுச் சம்பளத்தையும் முன்தேதியிட்டுக் கொடுத்தது. அந்தப் பணம் அப்பாவின் கடனை அடைக்கப் போனது.

எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் எங்க மாமா கான்ட்ராக்ட் வேலை பார்க்கிறார். பக்கத்து மெஷினில் நிற்கும் நிரந்தரத் தொழிலாளிக்கும் மாமாவுக்கும் ஒரே வேலைதான். சம்பளம் மட்டும் பாதி. இந்தக் கதையை அவரிடம் சொன்னேன். மூணு மாசம் சம்பளம் வாங்கலைன்னா நம்ம வீட்டில் அடுப்பு எரியாதும்மா என்றார். அவர் சொல்வதும் சரிதான். போஸ் செய்ததை எல்லோராலும் செய்ய முடியாது. ஆனால், வேலையில் குறை வைக்காமல் நின்றுதான் அவர் தன் உரிமையைக் கேட்டார். அந்தப் பாடம் நமக்கும் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

இதற்கு நடுவே 1887-ல் அபலா தாஸ் என்பவரைத் திருமணம் செய்தார். இந்த அம்மையார் 1882-ல் நம்ம சென்னைக்கு வந்து மருத்துவக் கல்லூரியில் படித்தவர் என்பது குறிப்பிடத்தக்கது. கல்கத்தாவில் அப்போது பெண்களுக்கு மருத்துவப் படிப்பில் இடம் தரவில்லை. உடல்நலக் குறைவால் அவர் படிப்பைத் தொடர முடியாமல் போனது. பின்னாளில் பெண் கல்விக்காக வாழ்நாள் முழுதும் உழைத்தார்.

ஆறடிக்கு நாலடி ஆய்வகம்

1894-ல் தன் 36-வது பிறந்தநாளில், இனி ஆராய்ச்சிதான் என்று போஸ் முடிவு செய்தார். ஆனால் கல்லூரியில் ஆய்வகம் இல்லை. கிடைத்தது 24 சதுர அடி இடம். அதாவது ஆறடிக்கு நாலடி. நம்ம லேபில் ஒரு மேஜை போட்டாலே நிறைந்துவிடும். துணைக்குக் கிடைத்தவர் ஒரு தகர வேலைக்காரர். கைக்காசைப் போட்டு, அவரை வைத்தே கருவிகளைச் செய்தார்.

அதற்குச் சில ஆண்டுகள் முன்புதான் ஜெர்மனியில் ஹெர்ட்ஸ் மின்காந்த அலைகளை உண்டாக்கிக் காட்டியிருந்தார். அந்த அலைகள் நீளமானவை. அலை நீளமாக இருந்தால் அதற்கு ஏற்ற லென்ஸ், கண்ணாடி எல்லாம் பெரிதாக வேண்டும். போஸ் அலையையே சின்னதாக்கினார். 25 மில்லிமீட்டரில் இருந்து 5 மில்லிமீட்டர் வரை. ஒளியின் வேகத்தை அலைநீளத்தால் வகுத்தால் அதிர்வெண் கிடைக்கும் என்று படித்திருக்கிறோம் அல்லவா? 5 மில்லிமீட்டருக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 60 ஜிகாஹெர்ட்ஸ்! மொத்தக் கருவியும் மேஜை மேல் அடங்கிவிட்டது.

இன்று நாம் வேவ்கைடு, ஹார்ன் ஆன்டெனா என்று படிப்பவற்றை அவர் அன்றே செய்து பயன்படுத்தினார். அலையைத் துருவப்படுத்த முறுக்கிய சணல் எடுத்தார். ரயில் கால அட்டவணைப் புத்தகத்தின் பக்கங்களுக்கு நடுவே வெள்ளீயத் தாளை வைத்து, அதையே ஒரு கருவியாக்கினார். வங்காளத்தின் ஈரக்காற்றில் ரிசீவரின் எஃகு ஸ்பிரிங் துருப்பிடிக்காமல் இருக்க கோபால்ட் பூச்சு கொடுத்தார். உப்புக்காற்றில் வாழும் நமக்கு அந்தக் கஷ்டம் நன்றாகப் புரியும்.

1895-ல் கல்கத்தாவில் எல்லோர் முன்னிலையிலும் செய்து காட்டினார். ஓர் அறையில் அலையை எழுப்பினார். மூன்று சுவர்களைத் தாண்டி 75 அடி தூரத்தில் மணி அடித்தது, வெடிமருந்து வெடித்தது. நடுவில் கம்பி எதுவும் இல்லை. இதை நன்றாக யோசித்துப் பாருங்கள். ஒரு சென்சார் அலையை உணர்கிறது, ரிலே இயங்குகிறது, தூரத்தில் ஒரு பொருள் வேலை செய்கிறது. இன்று ஐ.ஓ.டி. என்று நாம் செய்யும் ப்ராஜெக்டில் ஒரு பாதி அன்றைக்கே நடந்துவிட்டது!

எங்க தகரப் பெட்டி

இங்கே எங்க ப்ராஜெக்ட் கதையைச் சொல்லியாக வேண்டும். படகின் ஐஸ் அறையில் வெப்பநிலை எவ்வளவு என்று கம்பியில்லாமல் தெரிந்துகொள்ள, நாங்கள் நாலு பேர் ஒரு கருவி செய்தோம். ரிச்சி தெருவில் உதிரிபாகம் வாங்கினோம். தண்ணீர் படக்கூடாது என்று தெருவில் தகர வேலை செய்யும் அண்ணனிடம் அழகான பெட்டி செய்து, எல்லாவற்றையும் உள்ளே வைத்து மூடினோம். சிக்னல் செத்துப் போனது! இரண்டு நாள் புரோகிராமில் தப்புத் தேடினோம். தப்பு பெட்டியில் இருந்தது. சுற்றிலும் உலோகம் மூடினால் ரேடியோ அலை வெளியே வராது.

போஸும் தன் டிரான்ஸ்மிட்டரை உலோகப் பெட்டியில்தான் வைத்தார். அலை கண்ட இடத்தில் கசியக் கூடாது என்று தெரிந்தே வைத்தார். வெளியே வர ஒரு குழாய் விட்டார். நாங்கள் வழி விடாமல் அடைத்துவிட்டோம். பிறகு ஓட்டை போட்டு ஆன்டெனாவை வெளியே எடுத்ததும் ஐஸ் அறையில் இருந்து முதல் ரீடிங் வந்தது.

பேடன்ட்டும் புகழும்

1897 ஜனவரியில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் உரையாற்றினார். 1901-ல் அங்கே மறுபடியும் பேசப் போனபோது, ஒரு கம்பெனி முதலாளி பேடன்ட் படிவத்தோடு வந்து, லாபத்தில் பாதி தருவதாகச் சொன்னார். போஸ் மறுத்துவிட்டார். நண்பர்கள் வற்புறுத்தியதால் கலீனா என்ற ஈயக் கனிமத்தில் செய்த டிடெக்டருக்கு மட்டும் 1904-ல் அமெரிக்க பேடன்ட் கிடைத்தது. அதையும் அவர் பயன்படுத்திக்கொள்ளவில்லை. நாம் படிக்கும் செமிகண்டக்டர் சாதனங்களுக்கு அதுவே மூத்த அண்ணன்.

1901 டிசம்பரில் மார்கோனி அட்லாண்டிக் கடலைத் தாண்டி சிக்னல் வாங்கினார். அப்போது அவர் பயன்படுத்திய இரும்பு–பாதரசக் கருவியின் வேர், போஸ் 1899-ல் வெளியிட்ட கட்டுரையில் இருக்கிறது என்று 1998-ல் ஓர் இந்தியப் பொறியாளர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். மார்கோனியின் உழைப்பையும் நாம் குறைத்துச் சொல்லக் கூடாது. அலையைத் தூரத்துக்கு அனுப்பித் தொழிலாக்கியவர் அவர். அலையின் குணத்தைத் தேடியவர் போஸ்.

பிறகு போஸ் தாவரங்களின் பக்கம் திரும்பினார். செடியின் மிக நுண்ணிய வளர்ச்சியையும் பெரிதாக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராஃப் கருவியைச் செய்தார். 1917-ல் தன் பிறந்தநாளன்று கல்கத்தாவில் போஸ் ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். 1920-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார். 1937 நவம்பர் 23 அன்று கிரிடியில் காலமானார்.

இன்று நம்மைச் சுற்றி

ஃபாஸ்டேக்கும் லோராவும் நம் நாட்டில் 865 மெகாஹெர்ட்ஸ் பக்கம் பேசுகின்றன. அலைநீளம் சுமார் 35 சென்டிமீட்டர். தகவல் கொஞ்சம், ஆனால் லோரா கிலோமீட்டர் கணக்கில் போகும். வைஃபையும் புளூடூத்தும் 2.4 ஜிகாஹெர்ட்ஸில், 12.5 சென்டிமீட்டர் அலையில் பேசுகின்றன. அறையில் ஆள் இருப்பதைக் கண்டுபிடிக்கும் சின்ன ரேடார் சென்சார்கள் போஸின் அதே 60 ஜிகாஹெர்ட்ஸில் வந்துவிட்டன. செல்போன் டவர் எட்டாத ஆழ்கடலில் இருந்து இஸ்ரோ செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் டிரான்ஸ்பாண்டர் கருவியை 1 லட்சம் மீன்பிடிப் படகுகளில் பொருத்தும் திட்டம் 2024-ல் தொடங்கியது. நடுக்கடலில் ஆபத்து என்றால் இனி கரைக்குச் சொல்ல ஒரு வழி இருக்கும். அப்பா கடலுக்குப் போன இரவுகளில் விழித்திருந்த எங்க அம்மாவுக்கு இதன் அருமை தெரியும்.

நண்பர்களே, கடைசியாக ஒன்று. போஸ் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்த மீனவர் மகன் பிறகு என்ன ஆனான்? நான் படித்த புத்தகங்களில் அவன் பெயர்கூட இல்லை. அவனும் அதே கதையைச் சொன்னவன், அதே பெஞ்சில் இருந்தவன். ஒருவர் கேம்பிரிட்ஜ் போனார். இன்னொருவர் ஆற்றுக்குத் திரும்பியிருக்கலாம். அறிவு இல்லாததால் அல்ல, வழி இல்லாததால்.

இன்று நமக்கு ஒரு வழி கிடைத்திருக்கிறது. அந்த இரண்டு அரியரையும் நான் எழுதிப் பாஸ் செய்துவிட்டேன். ப்ராஜெக்ட் அன்று அம்மா கூடையோடு வாசலுக்கு வந்தார். உள்ளே கூட்டிப் போய் எங்க தகரப் பெட்டியைக் காட்டினேன். உங்கள் பக்கத்தில் தயங்கித் தயங்கி ஒருத்தன் உட்கார்ந்திருந்தால், அவனிடம் பேசுங்கள். அவனையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

வளர்க நம் சங்கம்!