உரிமைக்குக் குரல் கொடுத்த மார்கரெட் கசின்ஸ்

அயர்லாந்து நாட்டின் பாயில் என்னும் சிற்றூரில் 1878ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் மார்கரெட் பிறந்தார். டப்ளின் நகரில் இசை பயின்று பட்டம் பெற்றார். 1903ஆம் ஆண்டு ஜேம்ஸ் கசின்ஸ் என்னும் கவிஞரை மணந்தார்.

அக்காலத்தில் அயர்லாந்து ஆங்கிலேயரின் ஆட்சியில் இருந்தது. நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கும் உரிமை பெண்களுக்கு இல்லை. அவ்வுரிமையைப் பெறுவதற்காக மார்கரெட் 1908ஆம் ஆண்டு தம் தோழியருடன் சேர்ந்து ஓர் அமைப்பைத் தொடங்கினார். போராட்டத்தில் ஈடுபட்டதால் 1910ஆம் ஆண்டு இலண்டனிலும், 1913ஆம் ஆண்டு அயர்லாந்திலும் சிறைத் தண்டனை பெற்றார். இரண்டாம் முறை சிறையில் உண்ணாநோன்பு மேற்கொண்டார்.

மதனப்பள்ளியில் ஒரு புதுவாழ்வு

1915ஆம் ஆண்டு கணவனும் மனைவியும் இந்தியாவுக்கு வந்தனர். சென்னையில் அன்னி பெசன்ட் அம்மையார் நடத்திய நியூ இந்தியா இதழில் ஜேம்ஸ் பணியாற்றினார். மறு ஆண்டு டப்ளின் நகரில் அயர்லாந்து மக்கள் ஆங்கில ஆட்சியை எதிர்த்துப் புரட்சி செய்தனர். அப்புரட்சி ஒடுக்கப்பட்டது, அதன் தலைவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்களைப் பாராட்டி ஜேம்ஸ் கட்டுரை எழுதினார். அதனால் இதழ்ப்பணியை இழந்தார்.

பின்னர் இருவரும் அந்நாளில் சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த மதனப்பள்ளிக்குச் சென்றனர். அங்குள்ள தியாசபிகல் கல்லூரியில் ஆசிரியப் பணி ஏற்றனர். 1919ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் இரவீந்திரநாத் தாகூர் அக்கல்லூரியில் தங்கினார். அப்போது அவர் பாடிய ஜன கண மன பாடலுக்கு மார்கரெட் இசைக்குறிப்பு அமைத்தார். அப்பாடலே பிற்காலத்தில் நம் நாட்டுப்பண் ஆயிற்று.

வாக்குரிமைப் போர்

1917ஆம் ஆண்டு சென்னை அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் தோன்றியது. அதனை நிறுவியவர்களுள் மார்கரெட்டும் ஒருவர். அவ்வாண்டு இந்தியாவுக்கான அமைச்சர் மாண்டேகு, அரசியல் சீர்திருத்தம் பற்றி ஆராயச் சென்னைக்கு வந்தார். சீர்திருத்தத்தில் பெண்களை மறந்துவிடக்கூடாது என்று மார்கரெட் எண்ணினார். அவருடைய முயற்சியால் டிசம்பர் 18ஆம் நாள், சரோஜினி நாயுடு தலைமையில் மகளிர் குழுவினர் அமைச்சரைச் சந்தித்தனர். ஆண்களுக்கு வழங்கும் வாக்குரிமையைப் பெண்களுக்கும் வழங்க வேண்டும் என்று கேட்டனர்.

அம்முயற்சி வீண்போகவில்லை. 1921ஆம் ஆண்டு, ஆங்கிலேய இந்திய மாகாணங்களுள் முதலாவதாகச் சென்னை மாகாணம் பெண்களுக்கு வாக்குரிமை அளித்தது. ஆயினும் சொத்து முதலிய தகுதிகள் உடையவர்களுக்கே அது கிடைத்தது. எனவே மார்கரெட் ஓயவில்லை. 1927ஆம் ஆண்டு புனே நகரில் அனைத்திந்திய மாதர் மாநாடு கூடுவதற்கும் அவரே முதற்காரணமாக விளங்கினார்.

நடுவரும் கைதியும்

மார்கரெட்டின் தொண்டினை மதித்த அரசு, அவரைச் சைதாப்பேட்டையில் கௌரவ நடுவராக நியமித்தது. இந்தியாவில் அப்பதவி பெற்ற முதல் பெண்மணி அவரே. ஆனால், பதவி அவர் வாயை அடைக்கவில்லை. 1932ஆம் ஆண்டு விடுதலைப் போரை ஒடுக்க அரசு அவசரச் சட்டங்களைப் பிறப்பித்தது. அவை பேச்சுரிமையைப் பறிப்பதைக் கண்டித்து மார்கரெட் பொதுமக்களிடையே பேசினார். ஒருகாலத்தில் நீதி இருக்கையில் அமர்ந்தவர், குற்றவாளிக் கூண்டில் நின்றார். ஓராண்டுச் சிறைத் தண்டனை பெற்று, சித்தூருக்கு அண்மையிலுள்ள வேலூர்ச் சிறையில் அடைக்கப்பட்டார்.

காலப்போக்கில் முத்துலட்சுமி ரெட்டி போன்ற இந்தியப் பெண்மணிகள் தலைமை ஏற்க முன்வந்தனர். மார்கரெட் மகிழ்ச்சியோடு அவர்களுக்கு வழிவிட்டார். பின்னர் பக்கவாத நோய் அவரைத் தாக்கியது. விடுதலை பெற்ற இந்தியாவின் அரசு அவரது தொண்டினை நினைந்து பொருளுதவி செய்தது. 1954ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள் அவர் மறைந்தார்.

தம் நாட்டில் கேட்ட உரிமையை, குடியேறிய நாட்டின் பெண்களுக்காகவும் கேட்டவர் மார்கரெட். உரிமைக்காக இரு நாடுகளிலும் சிறை செல்ல அவர் அஞ்சவில்லை.

சொற்பொருள்

உண்ணாநோன்பு – உணவு உண்ணாமல் இருக்கும் அறப்போர்
நடுவர் – வழக்கை விசாரித்துத் தீர்ப்பு வழங்குபவர்
அண்மை – பக்கம்

வினாக்கள்

1. ஜேம்ஸ் கசின்ஸ் இதழ்ப்பணியை இழந்தது ஏன்?
2. மதனப்பள்ளிக்கும் நம் நாட்டுப்பண்ணுக்கும் உள்ள தொடர்பு யாது?
3. மகளிர் குழுவினர் மாண்டேகுவிடம் வேண்டியது என்ன?
4. நடுவராக இருந்த மார்கரெட் சிறை சென்றது சரியா? உம் கருத்தை ஐந்து வரிகளில் எழுதுக.