மார்க்கஸ் கார்வி: சொந்தக் காலில் நிற்கச் சொன்ன தலைவர்

பிரிட்டிஷ் ஆட்சியின் கீழிருந்த ஜமைக்காத் தீவில் அடிமை முறை 1838 ஆம் ஆண்டில் முற்றும் ஒழிந்தது. ஆனால் அடிமைகளை வைத்திருந்த முதலாளிகளுக்கே அரசு இழப்பீடு வழங்கியது. உழைத்து உருக்குலைந்த கறுப்பின மக்களுக்கு ஒரு காசும் கிட்டவில்லை. விலங்கு அகன்றது, வறுமையும் இழிவும் எஞ்சின.

அத்தீவிலுள்ள செயின்ட் ஆன்ஸ் பே என்னும் ஊரில் 1887 ஆகஸ்ட் 17 அன்று மார்க்கஸ் கார்வி பிறந்தார். தந்தையார் கொத்து வேலை செய்பவர். எனினும் வீட்டில் நூல்களைச் சேர்த்து வைத்திருந்தார். அந்நூல்கள் சிறுவனின் அறிவுப் பசிக்கு உணவாயின. இளம் வயதிலேயே பள்ளியை விட்டு அச்சுத் தொழில் கற்றார் கார்வி. கிங்ஸ்டன் நகரில் அச்சுத் தொழிலாளர் வேலை நிறுத்தத்தில் முன்னின்று வேலையை இழந்தார். பின்னர் மத்திய அமெரிக்க நாடுகளிலும் இலண்டனிலும் வாழ்ந்தபொழுது, எங்கு சென்றாலும் தம் இனத்தவர் தாழ்ந்தே கிடப்பதைக் கண்டு உள்ளம் நொந்தார்.

சிதறிக் கிடப்பதே தாழ்வுக்குக் காரணம் எனத் தெளிந்த அவர், 1914 இல் தாயகம் திரும்பிக் கறுப்பின மக்களின் உலகளாவிய முன்னேற்றச் சங்கத்தைத் தோற்றுவித்தார். 1916 இல் அமெரிக்கா சென்று, நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியைத் தம் களமாக்கிக்கொண்டார். 1918 இல் அவர் தொடங்கிய ‘நீக்ரோ வேர்ல்டு’ வார இதழ் கடல் கடந்தும் பரவியது. குடியேற்ற நாடுகள் சிலவற்றின் ஆட்சியாளர்கள் அதற்குத் தடை விதித்தனர்.

பிறர் தயவை நம்பி வாழும் இனம் தலை நிமிராது என்பதே அவருடைய கொள்கை. 1919 இல் ‘பிளாக் ஸ்டார் லைன்’ என்னும் கப்பல் நிறுவனத்தை நிறுவினார். ஒரு பங்கின் விலை 5 டாலர். வீட்டு வேலை செய்த பெண்களும் கூலியாட்களும் சிறுகச் சிறுகச் சேர்த்துப் பங்கு வாங்கினர். மளிகைக் கடைகளும் உணவு விடுதியும் சலவைக் கூடமும் எழுந்தன. 1920 ஆகஸ்டில் கூடிய மாநாடு கறுப்பின மக்களின் உரிமைப் பிரகடனத்தை நிறைவேற்றியது. சிவப்பு, கறுப்பு, பச்சை நிறங்களை இனத்தின் நிறங்களாக ஏற்றது.

ஆயினும் குறையையும் நாம் மறைத்தல் ஆகாது. பழைய கப்பல்களை மிகுந்த விலைக்கு வாங்கினர். பழுதும் நிர்வாகக் கேடும் நிறுவனத்தைத் தின்றன. 1922 இல் கப்பலோட்டம் நின்றது; ஏழைகளின் சேமிப்பு கரைந்தது. அதே ஆண்டில் வெள்ளை நிறவெறி அமைப்பான கூ கிளக்ஸ் கிளானின் தலைவரொருவரைச் சந்தித்து, கறுப்பினத் தலைவர்களின் கடுங்கண்டனத்துக்கும் ஆளானார் கார்வி. இன்னும் உரிமையாகாத கப்பலின் படத்தைக் காட்டிப் பங்கு விற்றதாக எழுந்த வழக்கில், 1923 இல் அவருக்கு ஐந்தாண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. உடன் குற்றஞ்சாட்டப்பட்ட மூவரும் விடுதலையாயினர். 1927 இல் தண்டனை குறைக்கப்பட்டு நாடு கடத்தப்பட்டார். 1940 ஜூன் 10 அன்று இலண்டனில் மறைந்தார்.

கப்பல் நின்றது; கருத்து நிற்கவில்லை. 1957 இல் விடுதலை பெற்ற கானா, தன் கொடியில் கறுப்பு விண்மீனைப் பொறித்தது. 1964 இல் அவர்தம் உடலை ஜமைக்கா தாயகம் கொணர்ந்து, தேசிய வீரராகப் போற்றியது. 2025 ஜனவரியில் அமெரிக்க அதிபர் பைடன் அவருக்கு மன்னிப்பு வழங்கினார்.

இளைஞர்களே! கார்வியின் வாழ்வில் நாம் கற்க வேண்டியவை இரண்டு. எளியோர் ஒன்று கூடி ஈயும் சிறு தொகையே சமுதாயத்தின் மூலதனம் என்பது ஒன்று. அத்தொகையின் ஒவ்வொரு காசுக்கும் கணக்குக் காட்டும் அறிவும் ஒழுங்கும் வேண்டும் என்பது மற்றொன்று. முன்னதைக் கார்வி வாழ்ந்து காட்டினார். பின்னதை அவருடைய வீழ்ச்சி காட்டியது. இரண்டையும் ஒருங்கே கைக்கொள்வோமாக!