மயிலாடி தந்த வேதமாணிக்கம்

அன்றைய திருவிதாங்கூரில், இன்றைய குமரி மாவட்ட மயிலாடியில் சாம்பவர் குடும்பத்தில் பிறந்தவர் மகராசன். கடவுளைத் தேடிச் சிதம்பரத்துக்கு யாத்திரை போனார். ஒடுக்கப்பட்டோர் கோயிலுக்குள் கால்வைக்க முடியாத காலம் அது. மனம் நிறையவில்லை. தஞ்சாவூரில் கோலாப் ஐயரின் பிரசங்கம் கேட்டார். ஞானஸ்நானம் பெற்று வேதமாணிக்கம் ஆனார்.

தேடியது கிடைத்ததும் தஞ்சையிலேயே தங்கிவிடவில்லை. ஊர் திரும்பி உறவினருக்கு வேதத்தைச் சொன்னார். எதிர்ப்பு வந்தும் ஜெபத்தை விடவில்லை. ஊருக்கு ஒரு மிஷனரி வேண்டும் என்று கேட்டார். 1806-இல் ரிங்கல்தௌபே வந்தார். 1809-இல் மயிலாடியில் ஆலயம் எழுந்தது.

1816-இல் ரிங்கல்தௌபே விடைபெற்றபோது, சபைகளை வேதமாணிக்கத்திடமே ஒப்படைத்தார். 1818-இல் மீட் ஐயர் வரும்வரை அவரே நடத்தினார். வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட சமூகத்தில் பிறந்தவர், பலருக்கு வாசல் திறந்தார்.