ஜியோவானி அல்போன்சோ பொரெல்லி

ஜியோவானி அல்போன்சோ பொரெல்லி (ஜனவரி 28, 1608 – டிசம்பர் 31, 1679) இத்தாலியைச் சேர்ந்த கணிதவியலாளரும் இயற்பியலாளரும் உடலியங்கியல் அறிஞரும் ஆவார். மனித மூட்டுகளில் செயற்படும் விசைகளை நெம்புகோல் விதிகளின் துணையுடன் கணக்கிட முனைந்தமையால் இவர் உயிரி விசையியலின் தந்தை எனப் பலராலும் குறிப்பிடப்படுகின்றார்.

வாழ்க்கை

பொரெல்லி நேப்பிள்சில் பிறந்தார். தந்தை எசுப்பானியக் காலாட்படை வீரர். உரோமில் கலிலியோவின் மாணவரான பெனெடெட்டோ காஸ்டெல்லியிடம் கணிதம் பயின்றார். 1630களில் மெசினாவில் கணிதப் பேராசிரியரானார். 1656இல் பீசா பல்கலைக்கழகத்தில் அதே பதவியை ஏற்றார். அங்கு மார்செல்லோ மால்பிகியுடன் பழகியது இவரை உடற்கூற்றியலின் பக்கம் ஈர்த்தது.

1657இல் புளோரன்சில் தொடங்கப்பட்ட சிமென்ட்டோ கழகத்தின் முதன்மையான உறுப்பினர்களுள் இவரும் ஒருவர். சோதித்ததை மீண்டும் சோதிப்பது இக்கழகத்தின் கொள்கையாக இருந்தது. கழகத்தின் சோதனைகள் 1667இல் உறுப்பினர் பெயர் எதுவுமின்றி ஒரே நூலாக வெளிவந்தன. விவியானியுடன் இவருக்கு ஒத்துப்போகவில்லை. அதே ஆண்டில் பொரெல்லி பீசாவை விட்டு மெசினாவுக்குத் திரும்பினார். 1669இல் எட்னா எரிமலை வெடித்ததைக் குறித்து ஒரு நூலும் எழுதினார்.

1670களின் தொடக்கத்தில் எசுப்பானிய ஆட்சிக்கு எதிரான சதியில் தொடர்புடையவர் என்னும் ஐயத்தால் நாடு கடத்தப்பட்டு உரோமை அடைந்தார். முடி துறந்து அங்கு வாழ்ந்த சுவீடனின் முன்னாள் அரசி கிறிஸ்டினா இவரை ஆதரித்தார். இறுதி ஆண்டுகளை வறுமையில், ஒரு துறவியர் சபையின் இல்லத்தில் கணிதம் கற்பித்துக் கழித்தார். தம் வாழ்நாள் உழைப்பான "தெ மோத்து அனிமாலியும்" (விலங்குகளின் இயக்கம்) அச்சேறுவதை இவர் காணவில்லை. அது 1680, 1681 ஆகிய ஆண்டுகளில் இரு பாகங்களாக வெளிவந்தது.

மூட்டுகளின் விசைகள்

சிறிய விசையால் பெரிய எடையைத் தூக்கவே உடலின் நெம்புகோல்கள் அமைந்துள்ளன என்பது அதற்கு முன் நிலவிய கருத்து. உண்மை இதற்கு நேர்மாறானது எனப் பொரெல்லி காட்டினார். தசைகள் மூட்டுக்கு மிக அருகில் எலும்புடன் இணைவதால், சுமையைப் போலப் பல மடங்கு விசையை அவை செலுத்த வேண்டும்.

இதை ஓர் எளிய கணக்கால் விளங்கிக்கொள்ளலாம். முன்கை கிடையாக இருக்க, கையிலுள்ள எடை முழங்கை மூட்டின் அச்சிலிருந்து 32 செ.மீ. தொலைவிலும், தசைநாண் 4 செ.மீ. தொலைவிலும் செங்குத்தாகச் செயற்படுவதாகக் கொள்வோம். முன்கையின் எடையைப் புறக்கணித்தால் தசை 8 மடங்கு விசையைச் செலுத்த வேண்டும். மூட்டில் 7 மடங்கு விசை அழுத்தும். தசைநாணின் தொலைவை 3.2 செ.மீ. என வைத்தால் 8 மடங்கு 10 மடங்காகிவிடும். ஒரு செ.மீ.க்கும் குறைவான வேறுபாடு விடையை இவ்வளவு மாற்றுவதால், தொலைவு எங்கிருந்து எங்கு அளக்கப்பட்டது என்று எழுதப்படாத கணக்கை வேறொருவர் சரிபார்க்க இயலாது.

பொரெல்லியின் நூல் இவ்வகையில் பாராட்டத்தக்கது. யூக்ளிடின் முறையில் ஒவ்வொரு முன்மொழிவுக்கும் எடுகோள்கள், எழுத்துகள் குறித்த படம், எடைகள், நெம்புகோல் விகிதங்கள் ஆகியவற்றைத் தந்து, அதன் பின்னரே முடிவை வருவித்தார். உடலின் ஈர்ப்பு மையத்தை அறிய, கூரிய விளிம்பின் மீது சமன்செய்த பலகையில் மனிதரைப் படுக்க வைத்தார். இதை எவரும் திரும்பச் செய்து பார்க்கலாம்.

முடிவுகள் அனைத்தும் சரியானவை அல்ல. தசையைச் சிறு சாய்சதுர அறைகளின் சங்கிலியாகக் கருதியதும், நரம்பின் வழி வரும் சாறு குருதியுடன் கலந்து பொங்குவதால் தசை சுருங்குகின்றது என்றதும் பிற்காலத்தில் கைவிடப்பட்டன. சாய்வான கயிறுகளில் தொங்கும் எடைகளைப் பற்றிய இவரது வாதத்தைப் பிரெஞ்சுக் கணிதவியலாளர் பியர் வரிஞ்ஞோன் 1687இல் ஆராய்ந்து மறுத்தார். வாதத்தின் படிகள் அனைத்தும் அச்சில் இருந்ததாலேயே பிழை எந்தப் படியில் உள்ளது என்று சுட்ட முடிந்தது.

பிற்காலத் தொடர்ச்சி

மூட்டுகளின் கணக்கீடு கணினிக்கு மாறிய பின்னரும் இச்சிக்கல் தீரவில்லை. எடுகோள்கள் மென்பொருளுக்குள் மறைந்துகொண்டதால் பெருகியது என்றே சொல்லலாம். குருத்தெலும்பின் விறைப்பு, தசைநார்களின் தொடக்க இழுவிசை, ஒரு மூட்டைக் கடக்கும் பல தசைகளுக்கிடையே சுமை பகிரப்படும் விதி ஆகியவற்றைக் குறிப்பிடாத ஆய்வுக் கட்டுரையைக் கொண்டு அதே மாதிரியை மீண்டும் உருவாக்குவது அரிது. பன்னாட்டு உயிரி விசையியல் கழகம் 2002, 2005 ஆகிய ஆண்டுகளில் மூட்டுகளுக்கான பொது ஆய அச்சுகளைப் பரிந்துரைத்தது. முடிவுறு கூறு ஆய்வுகளில் எவற்றை அறிவிக்க வேண்டும் என்னும் வழிகாட்டல் 2012இல் ஆய்விதழில் வெளியானது. பின்னர் ஐக்கிய அமெரிக்காவில் தொடங்கப்பட்ட ஒரு திட்டத்தில் ஐந்து குழுக்கள் ஒரே முழங்கால் தரவுகளிலிருந்து தனித்தனியே மாதிரிகளை உருவாக்கி, தம் முடிவெடுப்புகளைப் பதிவு செய்தன. தரவு ஒன்றாக இருந்தும் அம்முடிவெடுப்புகள் குழுவுக்குக் குழு வேறுபட்டன.

பொரெல்லியின் நூலைப் பெல்ஜிய எலும்பியல் அறுவை மருத்துவர் பால் மாக்கே ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1989இல் வெளியிட்டார். அமெரிக்க உயிரி விசையியல் கழகத்தின் மிக உயரிய விருது பொரெல்லியின் பெயரால் வழங்கப்படுகின்றது.