மேடையிலே உயிர் நீத்த தியாகி விசுவநாததாஸ்

நாடகம் வெறும் பொழுதுபோக்கு என்று கருதுவோர் உளர். ஆயின் ஆள்வோர் ஒருநாளும் அவ்வாறு கருதியதில்லை. வங்கத்தில் மேடையேறிய நாடகங்களைக் கண்டு அஞ்சிய வெள்ளையர் அரசு, 1876-ஆம் ஆண்டிலேயே நாடகங்களைத் தடுக்கச் சட்டம் வகுத்தது. நாம் பிழைக்க வந்த இம்மராட்டிய மண்ணில், காடில்கர் எழுதிய 'கீசக வதம்' நாடகத்துக் கீசகனைக் கர்ஸான் பிரபுவாகவே மக்கள் கண்டுகொண்டமையால், அந்நாடகம் 1910-இல் தடைக்குள்ளாயிற்று. அக்காலத்தே தமிழ் மேடையில் அஞ்சாது நின்றவர் தியாகி விசுவநாததாஸ் ஆவார்.

அன்னார் 1886-இல் சிவகாசியில், முடிதிருத்தும் குலத்தில் பிறந்தார், திருமங்கலத்தில் வாழ்ந்தார். வெண்கலக் குரல் அவருக்கு வாய்த்த செல்வம். எனினும், குலத்தைக் காரணங் காட்டி அவருடன் நடிக்க மறுத்த நடிகையரும் இருந்தனர். அவ்விழிவைப் பொறுத்து, கலையாலேயே உயர்ந்தார்.

தாராவியில் குடியேறிய நம் முன்னோர் பலர் திருநெல்வேலிச் சீமையினர். ஸ்பெஷல் நாடகம் அவர்கட்குப் புதிதன்று. ஒரே கம்பெனியைச் சேராத நடிகர்கள் ஓர் இரவுக்கு ஒன்றுகூடி, தமக்குப் பாடமான கதையை நடிப்பர். பேச்சும் பாட்டும் மேடையிலேயே வளரும். தாஸ் அவர்கட்கு இதுவே படைக்கலம் ஆயிற்று. வள்ளி திருமணத்தை அரசு எங்ஙனம் தடுக்கும்? அது தெய்வக் கதையன்றோ! ஆனால் தினைப்புனத்தில் விரட்டப்படும் வெள்ளைக் கொக்கு எதுவென்று கொட்டகையில் இருந்தோர் அனைவரும் அறிவர், காவலரும் அறிவர். கதையைத் தடுக்க இயலாத அரசு நடிகரைப் பிடித்தது. பன்முறை சிறை சென்றார். விடுதலையாகி வந்ததும் மீண்டும் அதே மேடை, அதே பாட்டு. கதர் உடுத்தினார், வறுமையும் உடன் உடுத்தினார்.

1940 டிசம்பர் 31-ஆம் நாள் இரவு, சென்னையில் முருக வேடம் பூண்டு மயில்மீது அமர்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே அன்னாரின் ஆவி பிரிந்தது. அப்பொழுது அகவை ஐம்பத்து நான்கு.

ஏழாண்டு கழித்து நாடு விடுதலை பெற்றது. மேடை பெற்றதா? 1954-இல் நம் சென்னை அரசே புதியதொரு நாடகச் சட்டம் இயற்றிற்று. மேடையேறுமுன் எழுத்துப் பிரதியைக் காட்டி அனுமதி பெறும் நிலை நெடுங்காலம் நீடித்தது. நாடகாசிரியர் ஞாநி தொடுத்த வழக்கில், 2013-இல்தான் உயர்நீதிமன்றம் அச்சட்டத்தைச் செல்லாதென்றது. ஆள்வோர் மாறினும், கலைஞன் வாயைக் கட்டும் ஆசை மாறுவதில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

நாள் முழுதும் உழைத்துக் களைத்த நாம், இன்று தொலைக்காட்சி நாடகத்தை வீட்டிலிருந்தே காண்கின்றோம். அதில் உண்மை பேசப்படுகின்றதா, எழுதியவர் நெஞ்சம் தெரிகின்றதா என்று நம் பிள்ளைகள் கேட்டறியப் பழகுதல் வேண்டும். நம் ஆண்டு விழா மேடையிலும் அஞ்சாத நாடகங்கள் அரங்கேறுதல் வேண்டும். அதுவே அத்தியாகிக்கு நாம் செலுத்தும் உண்மை அஞ்சலியாகும்.

வாழ்க விசுவநாததாஸ் புகழ்!