ஒரு தாய் வயிற்று மொழிகள்

எங்களுடையது நெசவுக் குடும்பம். வீட்டிற்குள் கன்னடம், வாசற்படி தாண்டினால் தமிழ். பள்ளி நாட்களில் என் பேச்சைக் கேலி செய்யாத தோழர் குறைவு. தமிழும் எனதில்லை, கன்னடமும் எனதில்லை என்று குமைந்ததுண்டு. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த எனக்கு, இங்குள்ள நூலகத்தில்தான் கால்டுவெல் அறிமுகமானார்.

இராபர்ட் கால்டுவெல் 1814-இல் அயர்லாந்தில் பிறந்தார். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கிரேக்கம் பயிலும்போதே மொழிகளை ஒப்பிட்டு நோக்கும் வேட்கை அவருக்கு உண்டாயிற்று. சமயப் பணிக்காக 1838-இல் சென்னை வந்தார். 1841-இல் நெல்லைச் சீமைக்குப் புறப்பட்டவர், மக்களோடு பழக விரும்பி நடந்தே சென்றார். நீலகிரி ஏறி இறங்கி, நம் கோவை வழியாகவும் அப்பயணம் அமைந்தது. பின் இடையன்குடி என்னும் தேரிமணல் சிற்றூரில் குடியேறி, ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் அப்பகுதியில் உழைத்தார்.

தென்னாட்டு மொழிகள் வடமொழியில் பிறந்தவை என்பதே அந்நாளில் அறிஞர் பலரின் எண்ணம். அவ்வாறன்று என்று எல்லிஸ் 1816-லேயே எழுதியிருந்தார். அதை விரிவாக நிலைநாட்டியவர் கால்டுவெல். சொற்களைக் கடன் வாங்கலாம். மூவிடப்பெயர், எண்ணுப்பெயர், வினை விகுதி ஆகியவற்றை எளிதில் கடன் வாங்க இயலாது. அவற்றையே அவர் ஒப்பிட்டார். தமிழ், மலையாளம், தெலுங்கு, கன்னடம், துளு ஆகியவற்றோடு, நீலகிரித் தோடர், கோத்தர் பேச்சையும் ஒரே குடும்பத்தில் சேர்த்தார். அவருடைய ஒப்பிலக்கணம் 1856-இல் வெளிவந்தது. 1875-இல் விரிவான மறுபதிப்புக் கண்டது.

அவரிடம் குறையும் உண்டு. நெல்லைச் சாணார் மக்களைப் பற்றி 1849-இல் அவர் எழுதிய நூல் அம்மக்களைத் தாழ்த்திப் பேசியது; பின்னாளில் அவர்களது கடும் எதிர்ப்புக்கும் உள்ளாயிற்று. சொற்களை நேர்மையாக எடை போட்டவர், மனிதரை எடை போடுகையில் தவறினார். பெரியோரைப் போற்றும் நாம் இதையும் மறைத்தல் கூடாது.

1877-இல் ஆயரான அவர், 1891-இல் கொடைக்கானலில் மறைந்தார். உடல் இடையன்குடிக்குக் கொண்டுவரப்பட்டு, அவர் கட்டிய ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டது. 1968-இல் சென்னைக் கடற்கரையில் அவருக்குச் சிலை எழுந்தது.

ஒருநாள் மாலை, தறியில் அமர்ந்திருந்த அம்மாவிடம் சில சொற்களைக் கேட்டேன். பாலுக்கு ஹாலு, பல்லுக்கு ஹல்லு, பூவுக்கு ஹூவு என்றார். தமிழில் பகரம் வரும் இடத்தில் கன்னடத்தில் ஹகரம்! ஆய்வுக்கூடத்தில் சோதனை மும்முறையும் ஒரே விடை தந்தாற்போல் மகிழ்ந்தேன். பள்ளிக்கூடமே அறியாத அம்மா, என்ன கண்டுபிடித்தாய் என்று வியந்து பார்த்தார்.

தோழர்களே, என் வீட்டில் இருப்பவை இரண்டு அயல்மொழிகள் அல்ல, அக்காளும் தங்கையும். இனி யார் கேலி செய்தாலும் சொல்ல என்னிடம் விடை உண்டு.