கல்லணையைக் கற்ற பொறியியலார்

தெல்லிப்பழையிலும் அதன் அயலூர்களிலும் பொழியும் மாரிமழை, வெள்ளவாய்க்கால்களால் குளங்களை நிரப்பி, எஞ்சியது வழுக்கையாறாகித் தென்மேற்கே சென்று அராலியிற் கடலை அடையும். யாழ்ப்பாணத்துக்கு வேறு ஆறில்லை. முன்னோர் வகுத்த இவ்வழி தூர்ந்தவிடத்து வெள்ளம் வீதிக்கும் வீட்டுக்கும் வருதல் இயல்பே. 2008ஆம் ஆண்டு கார்த்திகையில் நிஷாப் புயல் கொணர்ந்த பெருமழையிற் குடாநாடு வெள்ளக்காடானதை நாம் மறந்திலம். அத்தகைய மழைக்குப் பின்னெல்லாம், பழையவற்றைப் பெயர்த்தெறிந்து புதியன கட்டுக என்னும் குரல் எழுதல் வழக்கம். பழையதைப் பழுதுபார்ப்பதா, மாற்றுவதா என்னும் இவ்வினாவை இருநூறு ஆண்டுகளுக்கு முன் காவிரிக் கரையில் எதிர்கொண்டவர் ஒருவர் உளர். அவரே ஆர்தர் காட்டன்.

இங்கிலாந்திலே 1803ஆம் ஆண்டு மே மாதம் 15ஆம் நாள் பிறந்த காட்டன், பல புதல்வரைப் பெற்ற குடும்பத்திற் பத்தாம் மகனாவர். பதினாறாம் வயதிற் சென்னைப் படையின் பொறியியலார் பிரிவிற் சேர்ந்து, 1821இல் இந்தியா வந்தார். ஏரிகளைப் பேணும் பகுதியில் அமர்ந்து தென்னாடெங்கும் சுற்றினார்; பாம்பன் நீரிணையையும் அளந்தார். ஆதலின் நம் ஈழத்துக் கடலும் அவர் கண்ணுக்கு அயலன்று. இடையே பர்மியப் போருக்கும் சென்று மீண்டார். 1828இற் காவிரியின் குறையை ஆராயும் பணி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது.

குறை யாதெனின், கூறுவாம். திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே முக்கொம்பிலே காவிரி இரண்டாகப் பிரியும். தென்கிளை காவிரி என்னும் பெயரோடே தஞ்சை வயல்களை நோக்கிச் செல்லும். வடகிளையாகிய கொள்ளிடம் மிகுவெள்ளத்தைக் கடலுக்குக் கொண்டுசெல்லும் வடிகால். வெள்ளத்தைக் கொள்ளும் இடம் என்பதே அப்பெயரின் பொருள் என்பர். இரு கிளைகளும் திருவரங்கத் தீவின் கீழ்முனையில் மீண்டும் நெருங்குமிடத்தே, காவிரிநீர் கொள்ளிடத்துள் வீழ்ந்துவிடாதபடி காப்பது கல்லணை. கரிகாலன் கட்டியதென மரபு போற்றும் அவ்வணை ஏறத்தாழ 1,080 அடி நீளமுடையது.

காலப்போக்கிற் காவிரியின் படுகை மணலால் மேடுற்றது. தாழ்ந்தும் சரிந்தும் கிடந்த கொள்ளிடம் ஆண்டுதோறும் மிகுதியான நீரை ஈர்த்தது. வயலுக்கு வேண்டிய நீர் வடிகாலில் ஓடியது. தஞ்சை உழவர் வாடினர். ஆண்டுதோறும் மணலை வாரியும் பயன் சிறிதாயிற்று.

இளம் பொறியியலார் ஒருவர், தம் பெயர் நிலைக்கும்படி பழைய அணையைத் தகர்த்துப் புதிது கட்ட விழைதல் எளிது. காட்டனோ முதலிற் கல்லணையின் மாணாக்கரானார். பாறையில்லாத ஆற்றிலே, அடிகாண இயலாத மணலின்மீது, இத்துணைப் பெரிய அணை எங்ஙனம் நின்றது என ஆராய்ந்தார். பெருங்கற்களை மணலிலிட, அவை அமிழும். அமிழ்ந்தவற்றின்மேல் மேலும் கற்களை அடுக்க, ஈற்றில் அசையா அடித்தளம் அமையும். இந்நுட்பத்தைத் தாம் பெயரறியாத பண்டைத் தமிழரிடமிருந்தே கற்றதாகப் பின்னாளில் வெளிப்பட ஒப்புக்கொண்டார். ஆளும் இனத்தவர் ஒருவர் ஆளப்பட்டோரின் முன்னோர்க்குச் செலுத்திய இக்கடப்பாடு சிறிதன்று.

நோய் அணையிலன்று, மணலில் என்று துணிந்தபின், 1830இற் கல்லணையில் மணல் போக்கும் மதகுகளை அமைப்பித்தார். பழைய உடல் அவ்வாறே நிற்க, அதற்கு வேண்டிய வாயில் மட்டும் திறக்கப்பட்டது. பின்னர் 1836இல் முக்கொம்பிலே மேலணையும், கொள்ளிடத்தின் கீழ்ப்பகுதியிலே கீழணையும் எழுந்தன. மேலணை எழுந்தபின் காவிரியில் நீர் மிகையாகப் புகுந்தமையால், அதனையும் திருத்த நேர்ந்தது. பழையதைக் காத்தலும், இன்றியமையாத இடத்துப் புதியதைச் சேர்த்தலும், சேர்த்ததைக் கண்காணித்துத் திருத்தலும் ஆகிய மூன்றும் ஒரே தொழிலின் கூறுகளே.

கல்லணை கற்பித்த பாடத்தைக் காட்டன் கோதாவரிக்குக் கொண்டுசென்றார். கொடும் பஞ்சங்கண்ட அந்நாட்டில், 1847 முதல் 1852 வரை தவளேசுவரத்து அணை எழுந்தது. அங்குள்ள மக்கள் இன்றும் அவரைச் சிலைவைத்துப் போற்றுகின்றனர். 1861இல் அவருக்குச் சர் பட்டம் கிடைத்தது. இருப்புப்பாதையினும் கால்வாயே நாட்டுக்கு நலம் என இறுதிவரை வாதிட்டமையால், அரசினரிற் பலர் அவரைப் பிடிவாதக்காரர் என இகழ்ந்தனர். அவர் கணக்கிற் பிழைகள் இல்லாமலும் இல்லை. 1899ஆம் ஆண்டு ஜூலை 24ஆம் நாள் தமது 96ஆம் வயதிற் காலமானார்.

அவர் கதை அத்துடன் முடிந்திலது. 2018ஆம் ஆண்டு ஆகத்து மாதம் முக்கொம்பு மேலணையின் ஒன்பது மதகுகள் வெள்ளத்தில் அடித்துச்செல்லப்பட, புதிய அணை கட்டவேண்டியதாயிற்று. மேலணைக்கு முதிய கல்லணையோ இன்றும் நிற்கின்றது. முதுமை மட்டுமே அழிவுக்குக் காரணமன்று என்பது இதனால் விளங்கும். பிழைத்துப்போன உறுப்பை மாற்றத்தான் வேண்டும். ஆயின் எது பிழைத்தது, எது பிழைக்கவில்லை என்று ஆராயாமல் மாற்றுதல் அறிவன்று.

ஏட்டுச்சுவடிகளோடு பழகிய எம்மனோர்க்கு இது புதிதன்று. செல்லரித்த ஏட்டில் ஓரெழுத்துச் சிதைந்ததென்று செய்யுளையே புதிதாய் இயற்றுவாரில்லை. எழுத்தை ஓர்ந்து, பாடத்தை நிறுவி, நூலைக் காப்பதே பதிப்பாசிரியர் கடன். வழுக்கையாறும் வெள்ளவாய்க்கால்களும் நம் முன்னோர் நிலத்திலெழுதிய ஏடுகளே. அடுத்த மாரிக்கு முன் அவற்றை நடந்துபார்த்து, எங்கே தூர்ந்தன, எங்கே மதில்கள் மறித்தன, எந்த மதகு அடைபட்டது எனக் குறித்துக்கொள்வோமாக. நம் மாணாக்கரையும் உடனழைத்துச் செல்லலாம். கல்லணையின் முன் ஓர் அந்நியர் மாணாக்கராய் நின்றார். நம் ஊர் வாய்க்காலின் முன் நாம் அங்ஙனம் நிற்பதற்கு நாணுதல் வேண்டா.